கோப்பை கொடுக்காத இரண்டு வருடங்கள்: ஐஸ் ஹாக்கி பற்றி ஒரு நீண்ட த்ரெட்

1/
போன வாரம் நைட் டூட்டி. ராத்திரி ரெண்டரை மணி. கேஷுவாலிட்டியில ஒரு பைக் விபத்து கேஸை முடிச்சுட்டு டீ குடிக்க உட்கார்ந்தேன். கனடாவில் இருந்து அத்தை மகன் போன். அங்கே அப்போ சாயங்காலம் நாலு மணி.

"மச்சான், தூங்கிட்டியா?"

"டூட்டிடா. சொல்லு."

"பையன் ஐஸ் ஹாக்கி சேரணும்னு ஒரு மாசமா அடம் பிடிக்கிறான். மண்டையில அடிபடும், வேணவே வேணாம்ங்கறா அவங்க அம்மா. நீ டாக்டர்தானே, நீயே சொல்லு. சேர்க்கலாமா, வேணாமா?"

பையனுக்கு 11 வயசு. இருப்பது டொரண்டோ பக்கம் ஸ்கார்பரோவில்.

"ரெண்டு நாள் டைம் கொடு, படிச்சுட்டு சொல்றேன்" என்றேன்.

உண்மையைச் சொல்லணும்னா, ஹாக்கின்னா எனக்குத் தெரிஞ்சது வி. பாஸ்கரன், தன்ராஜ் பிள்ளை ஆடின ஹாக்கிதான். பனிக்கட்டி மேல ஆடுற ஹாக்கியைப் பற்றி ஒண்ணுமே தெரியாது. படிக்க ஆரம்பிச்சா, அந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னாடி ஒரு பெரிய கதையே இருக்கு. கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படியுங்க. கடைசியில் நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கும் தேவையான விஷயம் இருக்கு.

2/
வட அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கியின் பெரிய லீக் என்.எச்.எல். அதன் பரிசு ஸ்டான்லி கோப்பை. 1893 முதல் கொடுக்கிறாங்க. ரெண்டு உலகப் போர் நடந்தும் நிற்கல. ஆனா ரெண்டே ரெண்டு வருஷம் மட்டும் யாருக்கும் கொடுக்கப்படல. 1919, 2005.

1919ஆம் வருஷத்துக் காரணம் ஒரு டாக்டருக்கு உடனே புரியும். ஸ்பானிஷ் ஃப்ளூ. சியாட்டிலில் இறுதிச் சுற்று. சியாட்டில், மான்ட்ரியால் ரெண்டு அணியும் தலா ரெண்டு மேட்ச் ஜெயிச்சு, ஒண்ணு டிராவில் முடிஞ்சிருந்தது. கடைசி மேட்ச் ஏப்ரல் 1. அதுக்குள்ள மான்ட்ரியால் வீரர்கள் வரிசையா காய்ச்சலில் படுத்துட்டாங்க. மேட்ச் ரத்து. நாலு நாள் கழிச்சு ஜோ ஹால் என்ற வீரர் நிமோனியாவில் இறந்தே போனார்.

சரி, 2005இல் என்ன கிருமி?

எந்தக் கிருமியும் இல்லைங்க. பணத் தகராறு.

3/
அணி முதலாளிகள் வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு வேணும்னாங்க. வீரர்கள் சங்கம் முடியாதுன்னது. 2004 செப்டம்பரில் கதவடைப்பு. கவனிங்க, வேலைநிறுத்தம் கிடையாது, முதலாளிகளே கதவைச் சாத்தினது. 2005 பிப்ரவரி 16ஆம் தேதி முழு சீசனும் ரத்துன்னு அறிவிச்சாங்க. 1,230 மேட்ச் போச்சு. தொழிலாளர் தகராறால ஒரு முழு சீசனையே இழந்த முதல் பெரிய வட அமெரிக்க லீக் என்ற பெயர் மட்டும் மிச்சம்.

இது ஒரு தடவை நடந்த விபத்தும் இல்லை. கேரி பெட்மேன் 1993இல் கமிஷனர் ஆனார். அவர் காலத்தில் 1994-95 சீசன் பாதியாச்சு. 2004-05 முழுசாப் போச்சு. 2012-13 மறுபடியும் பாதி. மூணும் கதவடைப்பு.

4/
இதில் எனக்கு ரொம்ப வருத்தமானது 1994தான். அந்த ஜூனில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் 54 வருஷம் கழிச்சுக் கோப்பை ஜெயிச்சது. அமெரிக்காவின் பெரிய நகரம், பெரிய மீடியா, ஊரே தெருவில். கூடைப்பந்தை விட ஹாக்கிதான் இப்போ சூடுன்னு பத்திரிகைகள் எழுதின நேரம். அக்டோபரில் புது சீசன் தொடங்கணும். கதவைப் பூட்டிட்டாங்க!

எங்க ஓ.பி.யில் தினம் பார்க்கிற கதை இது. டி.பி. நோயாளி ரெண்டு மாசம் மாத்திரை போடுவார். இருமல் நிக்கும், எடை ஏறும். "சரியாயிடுச்சு சார்"னு நிறுத்திடுவார். திரும்பி வரும்போது பழைய மாத்திரை வேலை செய்யாமலும் போகலாம். நல்லாப் போய்க்கிட்டு இருக்கும்போது பாதியில் விடுறதுதான் ஆபத்து. ரசிகர்களும் அப்படித்தான். ஒருமுறை வேற பழக்கத்துக்குப் போயிட்டா இழுத்துட்டு வர்றது கஷ்டம்.

5/
ஆட்டத்தை டிவியில் காட்டுறதும் ஒரு பெரிய தலைவலி. இதில் பந்து கிடையாது. பக் என்ற கறுப்பு ரப்பர் வட்டு. மூணு அங்குல அகலம், ஒரு அங்குல கனம். வேகமா அடிச்சா மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும். பழைய டிவியில் அது எங்கே இருக்குன்னே புதுசாப் பார்க்கிறவங்களுக்குத் தெரியாது.

1996இல் ஃபாக்ஸ் டிவி ஒரு வைத்தியம் பண்ணுச்சு. பக்கை ரெண்டாப் பிளந்து உள்ளே பேட்டரி, சர்க்யூட், அகச்சிவப்பு விளக்குகள் எல்லாம் வச்சு ஒட்டினாங்க. டிவியில் பக்கைச் சுத்தி நீல ஒளி தெரியும். வேகமா அடிச்சா சிவப்பு வால் முளைக்கும். புது ஆளுங்களுக்கு வசதி. பழைய ரசிகர்களுக்கு, "எங்க ஆட்டத்தை வீடியோ கேம் ஆக்கிட்டீங்களே"ன்னு ஒரே கோபம். 1998ஓட அந்த வால் அறுந்தது.

6/
2005 கதவடைப்புக்குப் பிறகு இ.எஸ்.பி.என். விலகிடுச்சு. லீக் போய்ச் சேர்ந்த இடம் ஓ.எல்.என். என்ற கேபிள் சேனல். மீன் பிடிக்கிறது, வேட்டை, சைக்கிள் ரேஸ் எல்லாம் காட்டுற சேனல்.

அதைவிடக் கொடுமை 2007 மே மாசம். பஃபலோவுக்கும் ஒட்டாவாவுக்கும் அரையிறுதி மேட்ச். சமநிலையில் முடிஞ்சு, கூடுதல் நேரம். அடுத்த கோல் போட்டவங்க ஜெயிப்பாங்க. அந்த நேரத்தில் என்.பி.சி. டிவி மேட்சை வேற சேனலுக்குத் தள்ளிவிட்டு ஒரு குதிரைப் பந்தயத்துக்குப் போயிடுச்சு. பந்தயம்கூட ஆரம்பிக்கல. அதுக்கு முன்னாடி நடக்கிற பேச்சுக்காக!

சூப்பர் ஓவர் போடப் போற நேரத்தில் நம்ம டிவியில் இப்படிச் செஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

7/
இன்னொரு கதை சிகாகோவில். பிளாக்ஹாக்ஸ் அணியின் முதலாளி பில் விர்ட்ஸ், சொந்த ஊரில் நடக்கிற மேட்சை உள்ளூர் டிவியில் காட்டவே விடமாட்டார். "டிவியில் சும்மா காட்டினா, டிக்கெட் வாங்கினவன் ஏமாளியா?" என்பது அவர் கணக்கு. கேட்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் ஊர் அணி ஆடுறதையே பார்க்காம வளர்ந்தாங்க. அரங்கம் காலியாச்சு.

2007இல் அவர் இறந்த பிறகு மகன் ராக்கி விர்ட்ஸ் வந்து எல்லா மேட்சையும் டிவிக்குத் திறந்துவிட்டார். அரங்கம் நிரம்பிச்சு. 2010இல் கோப்பையும் வந்தது, 49 வருஷம் கழிச்சு.

மருந்து அலமாரியிலேயேதான் இருந்தது. திறக்கத்தான் ஆள் இல்லை.

8/
அடுத்தது ஊர் மாற்றம். 1988இல் வெய்ன் கிரெட்ஸ்கி என்ற மகா ஆட்டக்காரரை எட்மன்டன் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு விட்டுக் கொடுத்தது. வெயில் ஊரிலும் ஹாக்கி விற்கும்னு எல்லாருக்கும் நம்பிக்கை வந்தது. புளோரிடா, டெக்சாஸ், அரிசோனா வரை அணிகள் போச்சு. அதே நேரம் கனடாவின் கியூபெக்கும் வினிபெக்கும் 1995, 1996இல் தங்கள் அணிகளை இழந்தன.

சில இடத்தில் செடி பிடிச்சது. தம்பா, டல்லஸ், லாஸ் வேகாஸ் எல்லாம் நல்ல உதாரணம். பிடிக்காத இடமும் உண்டு. அட்லான்டா ரெண்டு தடவை அணியைப் பறிகொடுத்தது, 1980லும் 2011லும். அரிசோனா அணி 2009இல் திவாலாகி, லீக்கே அதை வச்சு நடத்திச்சு. கடைசி ரெண்டு வருஷம் 5,000 பேர்கூட உட்கார முடியாத ஒரு பல்கலைக்கழக அரங்கில் ஆடினாங்க. 2024இல் மூட்டையைக் கட்டி யூட்டாவுக்குப் போயிட்டாங்க. ஒவ்வொரு தடவை அணி இடம் மாறும்போதும் பழைய ஊரில் ஜெர்சியை வச்சுக்கிட்டு முழிக்கிற ஒரு பத்து வயசுப் பிள்ளை இருக்கும். அந்தப் பிள்ளை எந்த வரவு செலவுக் கணக்கிலும் வராது.

9/
அப்போ ஐஸ் ஹாக்கி செத்துப் போச்சா? இல்லைங்க. நோயாளியின் பல்ஸ், பி.பி. எல்லாம் நல்லாவே இருக்கு. இ.எஸ்.பி.என். 2021இல் திரும்பி வந்துடுச்சு. கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனம் 2025இல் 12 வருஷத்துக்கு 1,100 கோடி கனடிய டாலர் கொடுத்து உரிமையை நீட்டிச்சிருக்கு.

பணம் இருக்கு. ஆனா பிள்ளைகள்?

அத்தை மகன்கிட்ட செலவைக் கேட்டேன். ஸ்கேட்ஸ், ஹெல்மெட், பேட், மட்டை, பனித்தரை வாடகை, வெளியூர் மேட்சுக்குப் பெட்ரோல், ஹோட்டல். நல்ல அணியில் சேர்த்தா வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டாலராம். "மச்சான், பக்கத்து வீட்டுப் பையன் கூடைப்பந்து ஆடுறான். ஒரு பந்து, ஒரு ஜோடி ஷூ, முடிஞ்சது" என்றான். கிரிக்கெட் நம்ம ஊர்ல எப்படிப் பரவிச்சு? தென்னை மட்டையும் ரப்பர் பந்தும் போதும் என்பதால்தானே?

10/
செலவுக்கு அடுத்து நிற்பது பயம். அந்த அம்மாவின் பயம்.

அது வீண் பயமா? இல்லை. என்.எச்.எல்.லில் ரெண்டு பேர் கையுறையைக் கழற்றிப் போட்டு முகத்தில் குத்திக்கிட்டா ஆளுக்கு அஞ்சு நிமிஷம் வெளியே உட்கார வைப்பாங்க. பிறகு வந்து ஆடலாம். பல வருஷம் இந்தச் சண்டையும் ஆட்டத்தின் கவர்ச்சியில் ஒண்ணா இருந்தது. சண்டைக்காகவே அணியில் ஆள் வச்சிருப்பாங்க.

அதில் ஒருவர் டெரிக் பூகார்ட். 2011இல் மதுவும் வலி மாத்திரையும் சேர்ந்து 28 வயசில் இறந்தார். அவர் மூளையை பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பரிசோதிச்சப்போ சி.டி.ஈ. இருந்தது. தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்கினவங்க மூளையில் காணப்படும் சிதைவு நோய் அது. பிறகு முன்னாள் வீரர்கள் நூற்றுக்கணக்கில் வழக்குப் போட்டு, 2018இல் சுமார் 1.9 கோடி டாலருக்கு சமரசம் ஆச்சு. லீக் எந்தத் தப்பையும் ஒப்புக்கொள்ளல.

எத்தனை விளம்பரம் பண்ணினாலும், ஒரு அம்மா மனசில் இந்தச் செய்தி விழுந்துட்டா பையன் கையில் மட்டை வராது.

11/
இப்போ டாக்டரா ஒரு விஷயம். தலையில் அடிபட்டவுடனே எல்லாரும் கேட்பது: "சி.டி. ஸ்கேன் நார்மலா சார்?"

கன்கஷன், அதாவது மூளை அதிர்வு, பெரும்பாலும் சி.டி.யில் தெரியாது. ரத்தக் கசிவு, எலும்பு முறிவு இருந்தால்தான் அது காட்டும். படம் நார்மலா இருக்கும், ஆனா பையனுக்குத் தலைவலி, மந்தம், மறதி, வெளிச்சம் பட்டால் எரிச்சல், படிப்பில் கவனமின்மை இருக்கும். அது ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தா பாதிப்பு பல மடங்காகலாம்.

12/
இதை நான் புத்தகத்தில் மட்டும் படிச்சுக் கத்துக்கல. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு கபடிப் பையனை அழைச்சுட்டு வந்தாங்க. பத்தாம் வகுப்பு. எதிராளி முழங்கால் தலையில் பட்டு, சில நொடி நினைவில்லை. சி.டி. நார்மல். அவங்க அப்பா, "ஞாயித்துக்கிழமை ஃபைனல் சார், ஆடலாமா?" என்றார். நான் ரிப்போர்ட்டைக் காட்டி, "நார்மல்தாங்க, ஆடட்டும்" என்று சொல்லி அனுப்பிட்டேன்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அதே பையன் அதே கேஷுவாலிட்டியில். மறுபடி தலையில் அடி. வாந்தி. அப்பா பெயரைச் சொல்லத் தெரியல. பிழைச்சுட்டான். ஆனா ரெண்டு மாசம் புத்தகத்தைத் திறந்தாலே தலைவலி. அந்த வருஷம் பொதுத் தேர்வு எழுத முடியல. அவங்க அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டல. "நீங்க சொன்னதாலதான் சார் அனுப்பினேன்"னு மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வரி இன்னும் என் காதில் இருக்கு.

13/
அதனாலதான் அத்தை மகனுக்கு சும்மா பதில் சொல்ல மனசில்லை. தேடினப்போ ஒரு நல்ல ஆய்வு கிடைச்சது. 2010இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. 11, 12 வயசுப் பிள்ளைகளைப் பற்றியது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் அப்போ அந்த வயசில் ஒருவரையொருவர் உடம்பால் மோதித் தள்ள அனுமதி இருந்தது. கியூபெக்கில் கிடையாது. மோத விட்ட இடத்தில் கன்கஷன் ஆபத்து மூணு மடங்குக்கு மேல்.

அமெரிக்கா 2011லும் கனடா 2013லும் அந்த வயசுப் பிரிவில் மோதலைத் தடை பண்ணிச்சு. விதியை மாத்தினா அடி குறையும். நூறு விளம்பரப் படத்தை விட இந்த ஒரு மாற்றம்தான் அம்மாக்களைத் திரும்பக் கூட்டிட்டு வரும்னு நான் நினைக்கிறேன்.

14/
ரெண்டு நாள் கழிச்சுப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் மூணு பேரும். நான் சொன்னது இதுதான்:

சேர்த்து விடுங்க. ஓடியாடுற பிள்ளைக்குக் கிடைக்கிற நன்மை பெரிசு. ஆனா மூணு நிபந்தனை.

ஒண்ணு, மோதல் இல்லாத பிரிவு மட்டும். 13 வயசுக்கு மேல மோதல் ஆரம்பிக்கும்போது மறுபடி உட்கார்ந்து பேசணும். மோதல் இல்லாத லீக்கும் உண்டு.

ரெண்டு, தலையில் அடிபட்டு, லேசா சந்தேகம் இருந்தாலும் அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சது. கோச் சொன்னாலும், ஃபைனலே ஆனாலும். முழுசா சரியாகி, டாக்டர் சொன்ன பிறகு, படிப்படியாத்தான் திரும்பணும்.

மூணு, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

இது கபடி, கிரிக்கெட், சைக்கிளில் இருந்து விழுறது எல்லாத்துக்கும் பொருந்தும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

15/
கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் பையன் குரல்: "மாமா, தலையில அடிபட்டா நான் சொல்லிட்டா, டீம்ல இருந்து எடுத்துடுவாங்களா?"

பதினோரு வயசுப் பையன் கேட்டது, அந்த லீக் நூறு வருஷமா பதில் சொல்லாத கேள்வி. அடிபட்டதை மறைச்சவனை வீரன்னும், சொன்னவனைக் கோழைன்னும் நினைக்கிற ஆட்டத்தை எந்த அம்மாவிடமும் விற்க முடியாது.

"எடுத்தாங்கன்னா, அந்த டீம் நமக்கு வேண்டாம் கண்ணா" என்றேன்.

அவங்க அம்மா மட்டும், "அண்ணா, ஹெல்மெட் எந்த அளவு வாங்கணும்?" என்று கேட்டாங்க.

அடுத்த நைட் டூட்டியில் சந்திப்போம். உங்க பிள்ளைகளை விளையாட விடுங்க. அடிபட்டா மறைக்காமச் சொல்லப் பழக்குங்க.