பிழைத்த தாள்கள்

நாற்பது கடந்த பின் நுண்கணிதம் படிக்கப் போனவன் நான். ஆசிரியர் கலாசாலைப் பயிற்சி முடித்து, அக்குறணைக்கு அப்பால் ஒரு கிராமப் பாடசாலையில் 18 வருடங்களாகக் கணிதம் கற்பிக்கிறேன். பட்டம் இல்லையே என்ற குறை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. திறந்த பல்கலைக்கழகத்தில் பதிந்தேன். வகுப்புள்ள நாட்களில் கட்டுகஸ்தோட்டையில் பஸ் மாறி, பொல்கொல்லையிலுள்ள பிராந்திய நிலையத்துக்குப் போய்வருவேன்.

அங்கு இறுதிப் பரீட்சை மாத்திரம் போதாது. இடையிடையே ஒப்படைகள், தொடர் மதிப்பீடுகள் உண்டு. அவற்றில் தேறினால்தான் பரீட்சை எழுதலாம். முதல் நாளே விரிவுரையாளர் சொன்னார்: "செய்த எதையும் வீசாதீர்கள். பிழைத்த தாளையும் திகதியிட்டுக் கோவையில் போடுங்கள். எங்கே பிழைத்தது என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள்."

எனக்கு அது பிடிக்கவில்லை. பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்காகப் பிள்ளைகள் சேர்க்கும் தாள்களில் ஒரு வெட்டு இருந்தாலும் திரும்ப எழுதச் சொல்பவன் நான். பிழைத்தவற்றை அலுமாரிக்கு மேல் ஒளித்துவிட்டு, சரியானவற்றை மட்டும் கோவையில் வைத்தேன்.

ஓர் ஒப்படையில் இரண்டு சார்புகளின் பெருக்கத்தை வகையிடச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே வகையிட்டு, விடைகளைப் பெருக்கி எழுதினேன். திருத்தி வந்த தாளின் ஓரத்தில், எக்ஸ் வர்க்கத்தை வைத்துச் சோதித்துப் பார்க்கும்படி குறிப்பு இருந்தது. எக்ஸை எக்ஸால் பெருக்கினால் எக்ஸ் வர்க்கம். என் வழியில் போனால் ஒன்றை ஒன்றால் பெருக்கி, விடை 1. சரியான பெறுதியோ இரண்டு எக்ஸ். ஒரே வரியில் என் விதி உடைந்தது.

அன்றிரவு நித்திரை வரவில்லை. அந்த வாரம்தான் 10 ஆம் தரத்தில் ஒரு பையன், இரண்டு கணியங்களைக் கூட்டி வர்க்கிக்க வேண்டிய இடத்தில் தனித்தனியே வர்க்கித்துக் கூட்டியிருந்தான். "இதுகூடத் தெரியாமலா பத்தாம் தரத்துக்கு வந்தாய்?" என்று அவன் கொப்பியைத் தூக்கி வகுப்புக்கே காட்டினேன். அதன் பிறகு அவன் கணக்கே செய்வதில்லை. கரும்பலகையில் விடை வரும்வரை பேனையைப் பிடித்துக்கொண்டிருப்பான். பகுதிகளுக்குத் தனித்தனியே செய்தால் முழுமைக்கும் பொருந்திவிடும் என்று நம்பிய பிழை அது. என்னுடையதும் அதே பிழைதான். அவனுக்கு 15 வயது, எனக்கு 44.

பின்னர் வாசித்து அறிந்தேன். நுண்கணிதத்தை ஆக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸ், 1675 நவம்பர் 11 ஆம் திகதியிட்ட தாளில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். பெருக்கத்தின் வகையீடு, வகையீடுகளின் பெருக்கம்தானா? ஓர் உதாரணத்தை எடுத்துப் பார்த்து, அல்லவென்று தானே கண்டுகொள்கிறார். சரியான விதி பின்னர்தான் கைக்கு வந்தது. அந்தத் தாளை அவர் கிழித்துப் போடவில்லை. அவருடைய கையெழுத்துப் பிரதிகள் ஜேர்மனியின் ஹனோவர் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன.

அலுமாரிக்கு மேலிருந்த தாள்களை இறக்கினேன். கீழே எழுத வேண்டிய இரண்டு வரியை ஆங்கிலத்தில் எழுதியபோது "கவனக்குறைவு" என்று வந்தது. அது பொய். தமிழில் எழுதியபோதுதான் உண்மை வந்தது: "விதி எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்திருந்தேன்."

மறுநாள் அந்தத் தாளை வகுப்புக்குக் கொண்டுபோய்க் கரும்பலகையில் ஒட்டினேன். கொப்பியைத் தூக்கிக் காட்டியது என் பிழை என்று எல்லோர் முன்னாலும் அவனிடம் சொன்னேன். அவன் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்:

"ஒங்களுக்கும் பிழைக்குமா ஸேர்?"

"பிழைக்கும். தாள் இருக்கிறதே."

அடுத்த கிழமை அவன் கொப்பி என் மேசைக்கு வந்தது. மூன்று கணக்குகள், இரண்டு பிழை. அதில் ஒன்று அதே பழைய பிழை. சிவப்புப் பேனையை எடுத்தேன், வைத்தேன். "2, 3 இரண்டையும் போட்டுச் சோதித்துப் பார்" என்று பென்சிலால் ஓரத்தில் எழுதி, திகதியும் இட்டேன்.