உப்புக்காற்று ஊரில் மொறுமொறு கடலை மிட்டாய்!

சென்னை மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடித்தால், திருவொற்றியூர், எண்ணூர் தாண்டியதும் கழிமுகப் பாலம் வரும். கீழே கடலைச் சேரும் கொசஸ்தலையாறு. கிழக்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம் கடந்தால் மீஞ்சூர். ஏகாம்பரநாதர் கோயிலும் வரதராஜப் பெருமாள் கோயிலும் ஒரே ஊரில் இருப்பதால் இதற்கு 'வடகாஞ்சி' என்றும் பெயர்.

மீஞ்சூரின் கதை தண்ணீரின் கதை. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து சேர்த்த மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் இருந்தது. சென்னையின் குடிநீருக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் விவசாயத்துக்காகவும் அதை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். நன்னீர் மட்டம் இறங்க இறங்க, கடல்நீர் நிலத்தடியில் உள்ளே நகர்ந்தது. 1960-களின் இறுதியிலேயே மீஞ்சூர்ப் பகுதியில் இது கண்டறியப்பட்டுவிட்டது. பல கிணறுகள் உவர்ப்பாகிவிட்டன. 2010-ல் இருந்து, பக்கத்துக் காட்டுப்பள்ளியில் கடல்நீரையே குடிநீராக்கும் நிலையம் இயங்குகிறது. அதன் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர்.

இந்தத் தண்ணீருக்கும் கடலை மிட்டாய்க்கும் என்ன தொடர்பு? நிறையவே இருக்கிறது.

கோவில்பட்டிக்கு அமைந்தது

கடலை மிட்டாய் என்றதும் நினைவுக்கு வருவது தூத்துக்குடி மாவட்டக் கோவில்பட்டி. 2020 ஏப்ரலில் அந்த மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சுற்றுவட்டாரக் கரிசல் காட்டில் விளையும் கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் ஆகியவைதான் அதன் ருசிக்குக் காரணம் என்று சொல்லப்படுகிறது. அங்கே வறண்ட காற்றும் கைகொடுக்கிறது. மிட்டாயை வெளியில் ஆற வைத்தாலும் எளிதில் நமத்துப்போகாது.

மீஞ்சூரில் அதே கடலை, அதே வெல்லம் வைத்துச் செய்தாலும், திறந்து வைத்தால் மறுநாளே கையில் ஒட்டும். கடற்காற்றில் ஈரம் அதிகம். வெல்லத்துக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. கைப்பக்குவத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. காற்றுக்கு ஏற்ப முறையை மாற்ற வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குப் பக்கச் செம்மண் நிலங்களில் கடலை விளைகிறது. அதை மிட்டாயாக்கி விற்க நினைக்கும் குடும்பத்துக்கு இதுதான் முதல் பாடம். ஒருமுறை நமத்த மிட்டாயை வாங்கியவர் மறுமுறை வரமாட்டார்.

கடலையிலும் வெல்லத்திலும் கவனம்

குலுக்கினால் காய்க்குள் பருப்பு 'கடகட'வெனச் சத்தம் கேட்கும் அளவுக்குக் காய வைத்த கடலையை எடுக்க வேண்டும். சுருங்கியது, பூசணம் பிடித்தது, கறுத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். ஈரத்தில் பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகும். அது கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாக அழியாது.

உவர் நிலத்துக் கரும்பில் காய்ச்சிய வெல்லம் லேசாகக் கரிக்கும், சீக்கிரம் கசியும். அதனால் வாங்கும்போதே ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்ப்பது நல்லது. பளிச்சென்ற மஞ்சள் நிறத்துக்கு மயங்கக் கூடாது. நிறத்துக்காக ஹைட்ரோஸ் சேர்ப்பதுண்டு. பழுப்பு நிறத்தில், உடைத்தால் கெட்டியாக இருக்கும் வெல்லமே மேல்.

பாகுக்கு ஆழ்துளைக் கிணற்று உவர்நீர் வேண்டாம். தண்ணீர் ஆவியாகிப் போனாலும், அதிலிருந்த உப்பு பாகிலேயே தங்கிவிடும். குடிக்கிற தண்ணீரையே ஊற்ற வேண்டும்.

செய்முறை

வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைத்த கடலை அரை கிலோ, வெல்லம் 300 கிராம், தண்ணீர் கால் டம்ளர், ஏலக்காய், சுக்குப்பொடி கொஞ்சம்.

கடலையை மிதமான தீயில் வறுக்க வேண்டும். உள்ளே பச்சை வாசம் இருந்தால், மிட்டாய் சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மண், தூசி போக வடிகட்டி, அடிகனமான பாத்திரத்தில் காய்ச்ச வேண்டும். பாகைச் சொட்டாகத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்க வேண்டும். மெத்தென்று உருண்டால் அது பொரி உருண்டைக்குக்கூடப் போதாது. உருட்டியதைத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். வளையாமல் உடைய வேண்டும். கடலோர ஊரில் இந்தப் பதத்துக்கு முன்னால் இறக்கினால், மிட்டாய் நிச்சயம் இளகும். அதைத் தாண்டிவிட்டால் கசக்கும். அதனால் கடைசி இரண்டு நிமிடம் தீயைக் குறைத்து, பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

இறக்கியதும் சுக்கு, ஏலக்காய், கடலை சேர்த்து வேகமாகக் கிளறி, நெய் தடவிய பலகையில் கொட்டி, உருட்டுக் கட்டையால் தேய்த்து, சூட்டோடு கத்தியால் கோடு போட வேண்டும். உருண்டை வேண்டுமென்றால், கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு பிடிக்கலாம். சூடான பாகு தோலோடு ஒட்டிக் கொப்புளமாக்கும். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

நன்றாக ஆறியதும், உடனே காற்றுப்புகாத டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளேயே வியர்க்கும். ஆறியபிறகும் திறந்து வைத்தால் காற்று ஈரமாக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், ஒவ்வொரு முறையும் திறக்கும் பெரிய டப்பாவைவிட, சின்னச் சின்ன பாக்கெட்டே நல்லது. கார்த்திகை தீபத்துக்குப் பொரி உருண்டையோடு கடலை உருண்டை பிடிக்கும் வீடுகளுக்கும் இது பொருந்தும்.

விற்பனைக்கு என்றால், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வது கட்டாயம். பாக்கெட்டில் தயாரித்த தேதி, எடை, சேர்த்த பொருட்கள் இருக்க வேண்டும். கடை போடுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை போதும். நான்கு பாக்கெட்டை மூடி வைத்து, வாரம் ஒன்றாகப் பிரித்துக் கடித்துப் பாருங்கள். எந்த வாரம் மொறுமொறுப்பு குறைகிறதோ, அதற்கு முந்தைய வாரம்தான் உங்கள் ஊர்க் காற்று கொடுத்திருக்கும் கெடு.