பூச்சிகளுக்கு ஒரு வாரயிறுதி

அணையில் வேலை என்று சொன்னால் உடனே வெள்ளத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். மதகு, சைரன், ஓடும் ஜனங்கள். உண்மையில் என் வேலையின் பெரும்பகுதி ஓர் அட்டவணை. நீர்மட்டம் எவ்வளவு, எத்தனை மெகாவாட், எந்த மணிக்கு டர்பைன் வழியாக எவ்வளவு தண்ணீர், கீழேயுள்ள ஊரில் ஆறு எவ்வளவு ஏறும். நகரத்தில் ஏர்கோன்கள் ஓடத் தொடங்கியதும் மின்தேவை ஏறும், நாங்கள் தண்ணீரைக் கூட்டுவோம். ராத்திரி குறைப்போம். இப்படியே கடலே இல்லாத இடத்தில் ஆற்றுக்குத் தினமும் ஓர் ஏற்றவற்றம்.

அந்த அட்டவணையில் மீனுக்குக் கட்டம் கிடையாது. ஒரு முறை சீனியரிடம் கேட்டேன். "மீனா தம்பி கரண்ட் பில் கட்டுது?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலோடு ஆற்றங்கரையில் உட்காருபவர். அவர் சொன்னது எங்கள் தொழிலின் பொதுப் பதில், அவ்வளவுதான். மீனுக்குக் கொடுத்தால் மின்சாரத்துக்குக் குறையும் என்பது அதன் உள்ளர்த்தம். அது பாதிதான் உண்மை என்று எனக்குக் காட்டியது கொலராடோ ஆறு.

அமெரிக்காவின் அரிசோனாவில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு மேலே, 1963இல் கிளென் கேன்யன் அணை மூடப்பட்டது. அதற்கு முன் அந்த ஆறு கோடையில் வெதுவெதுப்பாக, சேற்று நிறத்தில் ஓடியது. அணைக்குப் பிறகு ஏரியின் ஆழத்திலிருந்து எடுத்த குளிர்ந்த தெளிந்த நீர் வந்தது, அதுவும் மின்தேவைக்கேற்ப ஏறி இறங்கி. அங்கே ஹம்ப்பேக் சப் என்றொரு மீன் உண்டு. தலைக்குப் பின்னால் திமில் வைத்த மீன், அந்த ஆற்றுப் படுகையை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. 1967இலேயே அதை அழிந்துவரும் இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

மீனுக்குச் சாப்பாடும் பற்றவில்லை. ஏன் என்பதைத் தேடியவர்கள் பூச்சிகளிடம் போனார்கள். பள்ளத்தாக்கில் படகு விடும் வழிகாட்டிகள், தங்கும் இடங்களில் அந்தி நேரத்தில் விளக்குப் பொறி வைத்து, விழுந்த பூச்சிகளைப் பல வருடங்கள் சேகரித்துக் கொடுத்தார்கள். பல நீர்ப்பூச்சிகள் மாலையில் நீரின் விளிம்பில் முட்டையிடும். அந்த நேரம் நீர் உயர்ந்திருந்தால், சில மணி நேரத்தில் மட்டம் இறங்கிவிடும். முட்டைகள் பாறையில் காய்ந்து சாகும். அணையிலிருந்து கிளம்பும் அலை கீழே போய்ச் சேர நேரமாகும் என்பதால், எந்த இடத்தில் அந்தியில் நீர் தாழ்ந்திருந்ததோ அங்கே பூச்சி அதிகம், உயர்ந்திருந்த இடத்தில் குறைவு.

சரி, தீர்வு என்ன? 2018 மே முதல் ஆகஸ்ட் வரை சனி, ஞாயிறுகளில் மட்டும் நீரைத் தாழ்வாக, ஏற்ற இறக்கமில்லாமல் விட்டார்கள். வாரயிறுதியில் மின்தேவை எப்படியும் குறைவு. மிச்சப்பட்ட நீரை வேலை நாள்களில் விட்டார்கள். மொத்தத் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட மாறவில்லை. பூச்சிகளுக்குக் கிடைத்தது இரண்டு நாள் லீவு. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. இவ்வளவுதானா? தண்ணீரின் அளவை மாற்றுவதற்கு எங்களைப் போன்றவர்களுக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். நேரத்தை மாற்றுவது எங்கள் அன்றாட வேலை.

ஆனால் எல்லாமே இவ்வளவு மலிவாக முடிவதில்லை. வறட்சியில் அணையின் ஏரி வடிந்து, 2022இல் அது நிரம்பிய காலத்திலிருந்து காணாத அளவுக்கு இறங்கியது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீர் டர்பைன் வாயை எட்டியது. ஏரியில் வாழ்ந்த ஸ்மால்மவுத் பாஸ் என்ற வெளியூர் வேட்டை மீனும் கூடவே கீழே வந்தது. குஞ்சு பொரிக்கவும் தொடங்கியது. இது சப் குஞ்சுகளை விழுங்கக்கூடியது. எனவே 2024 ஜூலையிலிருந்து டர்பைனைத் தவிர்த்து, அதற்கும் கீழேயுள்ள குழாய்கள் வழியாகக் குளிர்ந்த நீரைக் கலந்துவிட்டார்கள். ஆற்றை 15.5 டிகிரிக்குக் கீழே வைத்தால் பாஸ் இனம் பெருகாது என்பது கணக்கு. அந்த வருடம் புதுக் குஞ்சுகள் தென்படவில்லை. ஒரு காலத்தில் சப் மீனை வாட்டிய அதே குளிர் இப்போது அதற்குக் காவல்.

அந்தக் குழாய் வழியாகப் போகும் நீர் மின்சாரம் தராது. குறைந்த மின்சாரத்தை வேறு இடத்தில் வாங்க வேண்டும். அந்தச் செலவு சிறு ஊர்கள், பழங்குடி மக்களின் மின்சேவைகள் வரை போய்ச் சேரும். அவர்கள் எதிர்த்ததில் நியாயமுண்டு. சப் மீன் 2021இல் 'அழிந்துவரும்' நிலையிலிருந்து 'அச்சுறுத்தலுக்குள்ளான' நிலைக்கு மாறியிருக்கிறது. அதைக் காரணம் காட்டி அணையைச் சும்மா விட்டுவிட முடியாது. ஆற்றை ஒரு முறை மூடியவன் அதன் சூட்டுக்கும் குளிருக்கும் பொறுப்பாளி ஆகிவிடுகிறான்.

நம் பேராக் ஆற்றில் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டெரோ என்று வரிசையாக அணைகள். கீழே போத்தா கானானில் வனவிலங்குத் துறையின் துந்தோங் மையம். துந்தோங் என்கிற ஆற்றாமை உலகளவில் மிக ஆபத்தான நிலையில் உள்ள உயிர்களில் ஒன்று. நீர் தாழ்ந்திருக்கும் காலத்தில் மணல்திட்டில் ஏறிக் குழி தோண்டி முட்டையிடும். குஞ்சு வெளிவர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் நீர் ஏறித் திட்டு மூழ்கிக் கிடந்தால் முட்டைக்குள்ளேயே மூச்சு நின்றுவிடும். அதனால்தான் மனிதர்கள் முட்டைகளைப் பொறுக்கிவந்து, வேலி போட்ட மணலில் பொரிக்க வைக்கிறார்கள்.

நான் வேலை செய்வது வேறோர் அணையில். ஆனால் எந்த ஆற்றுக்கும் கேள்வி ஒன்றுதான்: இங்கே எந்த உயிருக்கு, எந்த வாரங்களில், நீர் எந்த மட்டத்தைத் தாண்டக் கூடாது? விடை தெரிந்தால் அட்டவணையில் ஒரு கட்டம் போடலாம். சில வாரம் அது இலவசமாகவே நிறைவேறும். சில வாரம் இவ்வளவு மெகாவாட் போகும் என்று எண் வரும். வரட்டும். மின்சாரத்துக்காரர்கள் அந்த எண்ணைப் பார்த்து முடியாது என்று சொல்லட்டும், மற்றவர்கள் பதில் சொல்லட்டும். இன்றைக்கு அந்த வாக்குவாதம்கூட நடப்பதில்லை, ஏனென்றால் அட்டவணையில் துந்தோங் என்ற பெயரே இல்லை.