புறவழியும் புறக்கணிப்பும்

எங்கள் ஊரின் பெயர் பெருந்துறை. துறை என்ற சொல்லுக்கு ஏறும் இடம், இறங்கும் இடம் என்று பொருள். ஆற்றில் இறங்கும் இடம் ஆற்றுத்துறை. ஓடம் அணையும் இடம் ஓடத்துறை. கலம் வந்து நிற்கும் இடம் துறைமுகம். ஏறவும் இறங்கவும் இடந்தருவதையே பெயராகக் கொண்ட ஊர் எங்களுடையது. பெயரில் துறை இருக்கிறது, அதுவும் பெரிய துறையாகவே இருக்கிறது! ஆனால், பொழுது சாய்ந்த பிறகு கோவையிலிருந்து கிழக்கே வரும் பேருந்துகளிற் பல அந்தத் துறையை அணுகுவதில்லை. ஊருக்கு வெளியே ஓடும் புறவழிச்சாலையில், ஊரின் விளக்கொளி கண்ணுக்குத் தெரியும் தொலைவில், விரைந்து ஓடி மறைகின்றன. ஊர் பார்த்துக்கொண்டே நிற்கிறது. ஊரார் காத்துக்கொண்டே நிற்கிறார்கள்.

"நாட்டில் எத்தனையோ பெரிய சிக்கல்கள் இருக்க, பேருந்து நிற்கவில்லை என்பதற்கொரு கட்டுரையா?" என்று முகஞ் சுளிப்போர் இருக்கக்கூடும். அவர்கட்கு ஒன்று சொல்வோம்: பெரிய அநீதிகள் சிறிய இடங்களில்தான் நடை பழகுகின்றன!

பள்ளியில் பாடஞ் சொல்லும் இளைஞர் நால்வர் நாங்கள். மாலையில் கூடினால் மற்றவர் திரைப்படம் பேசுவர், கிரிக்கெட் பேசுவர். நாங்கள் வழித்தடம் பேசுவோம். எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்படும், எந்த ஊரில் எத்தனை நிமிடம் நிற்கும், சென்னிமலை வண்டியைத் திங்களூர் வரை நீட்டினால் யாருக்கு நன்மை, குன்னத்தூர் நடையை அரைமணி முன்னதாக விட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கு எவ்வளவு வசதி — இப்படித் தாளில் கோடு போட்டுப் பேசுவோம், பூசலிடுவோம், மீண்டும் பேசுவோம். "பஸ் பைத்தியங்கள்" என்று ஊர் எங்களுக்குப் பட்டம் தந்திருக்கிறது. பல்கலைக்கழகம் தந்த பட்டத்தோடு அதையும் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.

சென்னையில் 2015ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியது. 2017 மே 14ஆம் நாள் திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்கும் இடையே அது நிலத்தின் அடியில் ஓடிற்று. இலண்டன் மாநகரம் 1863இல் கண்ட சுரங்க இரயிலை, கொல்கத்தா 1984இல் கண்ட சுரங்க இரயிலை, நம் தலைநகரும் கண்டது என்று நாங்களும் மகிழ்ந்தோம். கோவைக்கும் மெட்ரோ வரும் என்றார்கள். 2025 நவம்பரில் நடுவண் அரசு அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. இருபது இலட்சம் மக்கள் தொகை வேண்டும் என்னும் 2017ஆம் ஆண்டுக் கொள்கை காரணமாகக் காட்டப்பட்டது. ஏடுகள் எழுதின, மேடைகள் முழங்கின. எழுதட்டும், முழங்கட்டும், வேண்டியதுதான்! ஆனால், நிலத்தின் அடியில் ஓட வேண்டிய வண்டிக்காக இத்தனை குரல் எழும் நாட்டில், நிலத்தின் மேலே ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நில்லாமல் போகிறதே, அதற்குக் குரல் எங்கே?

கோவை காந்திபுரத்தில் இரவு ஒன்பது மணிக்கு வந்து பாருங்கள். "சேலம் மட்டும் ஏறுங்க! அவினாசி, பெருந்துறை இல்லீங்க!" என்ற கூவல் கேட்கும். நாங்கள் ஒரு நாள் கண்டோம். பையைச் சுமந்து படியேறிய மூதாட்டி ஒருவர் கீழே இறக்கப்பட்டார். "ஏனுங்க கண்ணு, நானுங் காசு குடுத்துத்தானே வர்றேன்?" என்றார். "பைபாஸுங்க ஆயா, ஊருக்குள்ள போகாதுங்க. எறங்கிக்குங்க" என்று மறுமொழி வந்தது. வண்டியில் இடம் இருந்தது. மூதாட்டியின் கையில் காசு இருந்தது. வண்டி செல்லும் திசையில் ஊரும் இருந்தது. இல்லாதது ஒன்றுதான் — அவரையும் ஒரு பயணியாக எண்ணும் எண்ணம்!

இடையில் எங்கும் நில்லாத 'ஒன் டு ஒன்' வண்டிகளைப் பற்றி நாங்கள் குறை கூறவில்லை. அவை இன்னவை என்று அறிவித்து ஓடுகின்றன. தொலைதூரம் செல்வோர்க்கு அவை தேவை. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டமும், ஒரு பேருந்து எந்த வழியே செல்ல வேண்டும், எத்தனை நடை ஓட வேண்டும் என்பதைப் பெர்மிட்டில் எழுதச் சொல்கின்றன. ஊருக்குள் சென்று வரவேண்டிய வண்டி, இரவானதும் ஊரை மறப்பதைத்தான் கேட்கிறோம். ஏட்டில் ஒரு வழி, ஓட்டத்தில் ஒரு வழி என்றால், எழுதிய எழுத்துக்கு மதிப்பு என்ன?

எங்கள் நால்வருள் ஒருவர் கணக்காசிரியர். அவர் ஒரு மாலை எங்களை மடக்கினார். "வண்டியில் ஐம்பது பேர். ஊருக்குள் சென்று வர எட்டு நிமிடம். ஐம்பதை எட்டால் பெருக்கினால் நானூறு நிமிடம். இறங்குவோர் மூவர். புறவழியில் இறங்கி நடந்தால் ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம், ஆக எழுபத்தைந்து. நானூறு பெரிதா, எழுபத்தைந்து பெரிதா?" என்றார். கணக்கு சரியான கணக்குத்தான். ஆனால், அந்தக் கணக்கு வண்டியில் இருப்போரை மட்டுமே எண்ணிற்று. வண்டி நில்லாது என்று அறிந்து, பயணத்தையே விட்டுவிட்டவரை யார் எண்ணுவது?

அப்படி விட்டவள் ஒருத்தியை நாங்கள் அறிவோம். எங்களிடம் பயின்று பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவி அவள். கோவை செல்லும் நெடுஞ்சாலையோரக் கல்லூரி ஒன்றில், அவள் விரும்பிய பாடத்திலேயே இடம் கிடைத்தது. விடுதிக்குப் பணமில்லை. நாள்தோறும் போய்வர வேண்டும். மாலை வகுப்பு முடிந்து திரும்பினால் இருட்டிவிடும். விசைத்தறியில் வேலை பார்க்கும் தந்தை எங்களிடம் வந்து, "பொழுது சாஞ்சு பைபாஸுல எறக்கி உட்டுட்டா, புள்ள தனியா எப்படிங்க சார் ஊட்டுக்கு வரும்?" என்று கேட்டார். நாங்கள் நால்வரும் வழித்தடம் அறிந்தவர்கள், நேரப்பட்டியல் அறிந்தவர்கள். அந்த ஒரு கேள்விக்கு எங்கள் தாளில் விடையில்லை. அவள் அந்த இடத்தை விட்டுவிட்டாள். இன்று பின்னலாடை ஆலையில் வேலை செய்கிறாள். ஆலையின் வேன் விடியற்காலையில் அவள் வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிச் செல்கிறது, இரவில் வாசலுக்கே கொண்டுவந்து இறக்கிவிடுகிறது! உழைப்பு வேண்டுமென்றால் வாசலுக்கு வருகிறது வண்டி. படிப்பு வேண்டுமென்றால் புறவழியில் போகிறது வண்டி! இந்த வேறுபாட்டை எந்தப் பெருக்கல் வாய்பாட்டில் அடக்குவது? கணக்காசிரியர் அன்று தம் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இத்தகைய கணக்கு நம் நாட்டில் மட்டும் போடப்படவில்லை. 1963ஆம் ஆண்டு பிரிட்டனில் பீச்சிங் என்பார் ஓர் அறிக்கை தந்தார். கூட்டம் குறைந்த இரயில் பாதைகள் இழப்பைத் தருகின்றன என்று கணக்கிட்டு, 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் மூடுமாறு பரிந்துரைத்தார். பெரும்பகுதி மூடப்பட்டது. நடந்தது என்ன? கிளைப் பாதையில் ஏறிய பயணிதான் பெரும் பாதைக்கும் வந்து சேர்ந்தவர். கிளையை வெட்டியதும் அவருள் பலர் இரயிலையே விட்டுக் காரைத் தேடிச் சென்றனர். சிற்றூர் தரும் நான்கு பேர், அடுத்த ஊர் தரும் ஐந்து பேர் எனச் சேர்ந்ததுதான் அந்த ஐம்பது பேர் நிறைந்த வண்டி என்பதைக் கணக்கு மறந்தது.

நம் மண்ணில் இந்தப் போராட்டத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924இல் வைக்கத்தில் போர் மூண்டது. அதில் ஈடுபட்டுச் சிறை சென்ற பெரியார், எங்களுக்கு அண்மையிலுள்ள ஈரோட்டுக்காரர். பேருந்து வந்த பிறகு, தாழ்த்தப்பட்ட மக்களை அதில் ஏற்ற மறுத்தனர் முதலாளிகள் சிலர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அவ்வாறு மறுக்கும் பேருந்துக்கு உரிமம் இராது என்று ஆணையிட்டார். அன்று மறுக்கப்பட்டது பிறப்பின் பெயரால். இன்று மறுக்கப்படுவது நேரத்தின் பெயரால், வசூலின் பெயரால். இரண்டும் ஒரே அளவான கொடுமை என்று நாங்கள் கூறமாட்டோம். ஆனால், அன்று அவர் நிலைநாட்டிய கொள்கை இன்றும் உயிரோடிருக்க வேண்டும்: பொதுச் சாலையில் ஓடும் பொது வண்டி, காசு கொடுக்கும் எவரையும் இறக்கிவிட உரிமை பெற்றதன்று!

கொங்கு நாட்டுக்குப் பேருந்து புதிதன்று. 1920ஆம் ஆண்டிலேயே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கினார் ஜி.டி. நாயுடு. 1972இல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன் என அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. 1983இல் ஈரோட்டில் ஜீவா பெயரில் ஒரு கழகம் எழுந்தது. 1997இல் அந்தப் பெயர்கள் நீங்கின. பெயர் மாறலாம், நோக்கம் மாறலாமா? இலாபம் உள்ள வழியில் மட்டும் ஓடுவதற்குப் பொதுத்துறை எதற்கு?

பெருந்துறைக்கு இதில் தனி உரிமையும் உண்டு. முன்னாளில் காசநோயாளர் தங்கிய சானடோரியம் இருந்த இடத்தில், போக்குவரத்துத் தொழிலாளர் தம் ஊதியத்திலிருந்து தந்த பங்களிப்போடு ஒரு மருத்துவக் கல்லூரி வளர்ந்தது. அதுவே பின்னர் அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரியாயிற்று. ஓட்டுநரும் நடத்துநரும் வியர்வையால் எழுப்பிய மருத்துவமனை எங்கள் ஊரில் நிற்கிறது. எனவே தொழிலாளரோடு எங்களுக்குப் பகையில்லை. குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர், குறித்த வசூலைக் கொண்டு வா என்று இருபுறமும் நெருக்கினால், நடுவில் உள்ளவர் ஊரைத்தான் விடுவார். நோய் மேலே இருக்க, நடத்துநரை மட்டும் கடிந்து பயனென்ன?

வழித்தடத்தை மாற்றவே கூடாதென்று நாங்கள் வாதிடவில்லை. ஊர் வளரும், சாலை வளரும், வழியும் மாறத்தான் வேண்டும். எங்கள் தாளிலேயே எத்தனை மாற்றங்கள்! ஆனால், மாற்றம் என்பது மக்களைக் கேட்டு, மக்களுக்கு அறிவித்து, மாற்று வழி வைத்துச் செய்வது. 2023 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. நிலையம் பெரிது, நோக்கமும் நல்லது. ஆனால் திறந்த நாளில் அங்கு இரயில் இணைப்பு இல்லை. மூட்டை முடிச்சோடு வந்தவர் பட்ட பாட்டை நாடு கண்டது. முதலில் இணைப்பு, பிறகு மாற்றம் என்பதே முறை.

சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். மலையும் சரிவும் நிறைந்த சிறிய நாடு. 1982இல் நாடு முழுவதும் மணிக்கு மணி ஒரே நிமிடத்தில் இரயில் வரும் ஒழுங்கை ஏற்படுத்தினார்கள். 1987இல் அந்த ஒழுங்கை மேலும் வளர்க்கும் திட்டம் மக்களின் வாக்கெடுப்புக்கே வந்து வெற்றி பெற்றது. இரயில் வரும் நேரத்துக்கு ஏற்பச் சிற்றூர்ப் பேருந்து வந்து நிற்கிறது. நேரப்பட்டியலுக்கு மக்கள் வாக்களித்த நாடு அது! நேரப்பட்டியலையே காணாத பேருந்து நிறுத்தங்களில் நிற்கிறோம் நாம்.

நாங்கள் கேட்பவை சிலவே. ஊருக்குள் வரும் வண்டியா, புறவழியில் செல்லும் வண்டியா என்பதை வண்டியின் நெற்றியிலேயே எழுதுக. ஊர் வழியே பெர்மிட் பெற்ற வண்டி, இரவிலும் ஊர் வழியே வருக. புறவழியில் நிற்கும் வண்டிகளுக்கு, நிழற்குடையும் விளக்கும் உள்ள ஒரு நிறுத்தம் அமைக. அங்கிருந்து ஊருக்குள் செல்ல, அந்த நேரத்துக்கு ஒரு நகரப் பேருந்து காத்து நிற்க. 2021இல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது பெண்கள் மகிழ்ந்தார்கள். சீட்டுக்குக் காசு வேண்டாம் என்றது பெரிய அறம். ஆனால் சீட்டு இருந்து வண்டி இல்லையென்றால், அந்த அறம் பாதி வழியில் நின்றுவிடும்.

இவற்றுக்குச் சுரங்கம் தோண்ட வேண்டாம். பல்லாயிரம் கோடி வேண்டாம். ஒரு பலகை, ஒரு விளக்கு, ஒரு வண்டி, ஓர் ஆணை போதும். இந்த ஆண்டும் எங்கள் வகுப்பில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் அமர்ந்திருக்கிறார்கள். எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று எங்களைக் கேட்கிறார்கள். மதிப்பெண்ணைப் பார்த்து விடை சொல்வதா, பேருந்தைப் பார்த்து விடை சொல்வதா? மதிப்பெண்ணைப் பார்த்தே சொல்லும் நாள் வரவேண்டும். அதுவரை எங்கள் தாளும் பேச்சும் ஓயமாட்டா!