அம்மிச்சியும் ஜீபூம்பாவும்

டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்குக் கொடுத்த வேலை, 'ஹாலிவுட்டைப் பார்த்து எடுத்த பழைய தமிழ்ப் படங்கள்' என்று ஒரு லிஸ்ட். முதல் பெயராக 'பட்டணத்தில் பூதம்' (1967) என்று தட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்தில் அம்மிச்சி வீட்டில் படத்தை மொபைலில் ஓடவிட்டேன்.

"அட, நம்ம ஜீபூம்பா!" என்று அடுப்படியிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார் அம்மிச்சி. படம் வந்தபோது அவருக்குப் பதினாலு வயது. ஜெய்சங்கர், கே.ஆர்.விஜயா, நாகேஷ் என்று எல்லாரும் இருந்தும், மனசில் நின்றது பூதம்தானாம்.

அந்தப் பூதமாக வந்தவர் ஜாவர் சீதாராமன். படத்தின் எழுத்தும் அவருடையதுதான். 1954-ல் வந்த 'அந்த நாள்' படத்தின் எழுத்தாளரும் அவரே. விக்டர் ஹ்யூகோவின் நாவலை வைத்து எடுத்த 'ஏழை படும் பாடு' (1950) படத்தில் ஜாவர் என்ற போலீஸ் அதிகாரியாக நடித்தார். அந்தப் பெயரே அவரோடு ஒட்டிக்கொண்டது.

'பட்டணத்தில் பூத'த்துக்கு முன்னோடி, 1964-ல் வந்த 'தி பிராஸ் பாட்டில்' என்ற ஹாலிவுட் படம். அதற்கும் மூலம், எஃப்.ஆன்ஸ்டி 1900-ல் எழுதிய அதே பெயருள்ள நகைச்சுவை நாவல். அந்தக் கதையை அம்மிச்சிக்குச் சொன்னேன்.

லண்டனில் வேலை கிடைக்காத ஓர் இளம் கட்டடக் கலைஞன். ஏலத்தில் வாங்கிய பித்தளைக் குடுவையைத் திறந்தால் உள்ளிருந்து பூதம். விடுதலை செய்ததற்கு நன்றியாக அது அவன் வாடகை வீட்டுக்கு ஒட்டகங்களில் பொக்கிஷம் அனுப்புகிறது. வருங்கால மாமனார், மாமியாரை அவன் சாப்பிட அழைத்த அன்று, அறையை அரபு அரண்மனையாக்கி விடுகிறது. கடைசியில் மாமனாரையே கோவேறு கழுதையாக்குகிறது! பாவம், கெட்ட எண்ணம் எதுவுமில்லை. 'உனக்கு என்ன வேணும்' என்று கேட்கத் தெரியாத பூதம், அவ்வளவுதான்.

அம்மிச்சி கண்ணில் தண்ணி வரச் சிரித்துவிட்டு, "அந்தப் பூதம் உன்னாட்டவே இருக்குது அம்மிணி" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. முதல் சம்பளத்தில் இண்டக்‌ஷன் அடுப்பு, அப்புறம் ஏர் ஃபிரையர். ரெண்டும் அட்டைப்பெட்டியோடு பரண்மேல் இருக்கின்றன. போன தீபாவளிக்கு ஆர்.ஓ. மெஷின் வைக்க இடம் வேண்டுமென்று, மூலையில் இருந்த பித்தளை அண்டாவை எடைக்குப் போட்டேன். அது அம்மிச்சிக்குப் பிறந்த வீட்டில் சீராகக் கொடுத்தது. அப்புச்சி இருந்தவரை தினமும் அதில்தான் பவானித் தண்ணி பிடித்து வைப்பார். அன்றைக்கு அம்மிச்சி ஒன்றுமே சொல்லவில்லை. சந்தோஷம்தான் போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

"செரிங்க அம்மிச்சி, உங்களுக்கு என்னதானுங்க வேணும்?"

கொஞ்ச நேரம் மொபைலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளிக்கிற ரூம்ல, புடிச்சு எந்திரிக்க ஒரு கம்பி வெச்சுக் குடு சாமி. ரெண்டு மாசத்துக்கு முந்தி வழுக்கி உழுந்துட்டேன். உங்கம்மாகிட்டச் சொல்லிப்போடாத."

மறுநாள் லீவு போட்டேன். பிளம்பர் வந்து மாட்டிக் கொடுத்தார். அரை மணி நேர வேலை. கம்பி 450 ரூபாய்.

என்ன வேணும் என்று நான் அம்மிச்சியிடம் கேட்டது, அதுதான் முதல் தடவை.