அம்மாவின் மூக்கும் நீராவிக் குழாயும்

ஒரு வருஷமா எஸ்பிரஸோ மிஷினில் காபி போட்டு, வர்றவங்க கிட்டயெல்லாம் அலட்டிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "பால் திரிஞ்சிருக்காடா?" என்றார்.

புதுப் பால்தான். சந்தேகப்பட்டு, மிஷின் ஆறியதும் நீராவிக் குழாயின் நுனியைக் கழற்றினால்... உள்ளே மஞ்சளாய்க் காய்ந்த பால்! நான் துடைத்ததெல்லாம் வெளியே மட்டும்தான். நீராவியை மூடியதும் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, கொஞ்சம் பால் மேலே ஏறிவிடும். அதனால் நுரைத்த கையோடு ஈரத்துணியால் துடைத்து, இரண்டு விநாடி நீராவியைத் திறந்துவிடணும்.

நுனியை வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் துளைகளைக் குத்திவிட்டேன். மறுநாள் அம்மா டம்ளரைக் காலி செய்துட்டாங்க.

இத்தனை நாளா "சூப்பர் காபி"ன்னு சொல்லிட்டுப் போன நண்பர்களை நினைச்சாதான்... :-(