மழலையர் ஆசிரியையும் கைப்பேசியும்

"மனமிருந்தால் மார்க்கமுண்டு" என்பது நம் முன்னோர் வாக்கு. மனம் இருந்தும் மார்க்கம் குறுகிப் போனால் என்ன செய்வது? கொரோனாக் காலத்தில் எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மழலையர் பள்ளி ஆசிரியைகள் முன் நின்ற கேள்வி இதுவே. "வயதான ஆசிரியைகள் புதிய கருவிகளைத் தொடவே அஞ்சினார்கள்" என்று சிலர் எளிதாகக் கூறிவிடுகிறார்கள். நாங்கள் கண்டது வேறு. அதை எழுதிவைப்பது எங்கள் கடமை எனக் கருதுகிறோம்.

2020 மார்ச் மாதத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் நான்காம் வகுப்பு மாணவியர். எங்கள் தம்பி, தங்கையரோ அப்போதுதான் அரிச்சுவடியைத் தொடவேண்டிய வயதினர். பெரிய வகுப்புகள் ஒவ்வொன்றாகத் திறந்த பின்னரும் மழலையர் பள்ளிகளுக்கு வழி பிறக்கவில்லை. தமிழகத்தில் அவை திறந்தது 2022 பிப்ரவரி 16-ஆம் நாள்தான். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்! நான்கு வயதுக் குழந்தைக்கு அது அதன் வாழ்நாளில் பாதியன்றோ?

சிறு குழந்தைகளைத் திரைமுன் அமர்த்துவதில் அரசுகளும் எச்சரிக்கை காட்டின. 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டுதல், மழலையரின் பெற்றோருடன் நாளொன்றுக்கு 30 நிமிடத்துக்கு மேற்படாமல் பேசி வழிகாட்டலாம் என்றது. நம் மாநில அரசோ மழலையர்க்கு இணையவழி வகுப்பே கூடாது என்றது. அதில் நியாயம் உண்டு. 2 முதல் 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரைமுன் அமரலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே கூறியிருந்தது. ஆகவே ஆசிரியைக்கு எஞ்சிய ஒரே வழி தாயின் கைப்பேசிதான்.

எங்கள் தோழி ஒருத்தியின் தெருவில் மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர் வசிக்கிறார். அதுவரை கைப்பேசியில் பேச மட்டுமே அறிந்தவர். "இந்த வயசுல எனக்கு இது வருமா பாப்பா?" என்று கூச்சத்தோடு எங்களிடம் கேட்டார். ஒரே வாரத்தில் படம் பிடிக்கவும், வாட்ஸ்அப்பில் அனுப்பவும் பழகிக்கொண்டார். கற்றுக்கொடுத்த குருமார் யார் தெரியுமா? பத்து வயதுகூட நிரம்பாத நாங்களே! கைப்பேசியை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, கைகளை ஆட்டிப் பாடுவார். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் பாட்டுக்குள் புகுந்துவிடும். எனவே நெசவாளர் உணவுக்கு எழும் வேளை பார்த்துப் பாடி அனுப்புவார்.

ஆயினும் அனுப்பியதெல்லாம் போய்ச் சேர்ந்ததா? திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. பல வீடுகளில் ஒரே கைப்பேசி. அதுவும் வேலைக்குச் செல்லும் தந்தையின் சட்டைப் பையில். அவர் வீடு திரும்பும்போது குழந்தை உறங்கிவிடும். சில ஊர்களில் கண்மாய்க் கரைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். அங்கன்வாடி ஆசிரியைகளோ வீடு வீடாகச் சத்துமாவு கொண்டு சென்றபோது, வாசலில் நின்றபடியே குழந்தைக்கு ஒரு பாட்டையும் சொல்லிக்கொடுத்து வந்தார்கள்.

நாளடைவில் நாங்கள் சொன்ன ஆசிரியை தம் முறையை மாற்றினார். எழுத்துகளைத் திரையில் காட்டுவதைக் குறைத்து, "பத்துப் புளியங்கொட்டை எடுத்துக் கொடுங்கம்மா, பிள்ளை எண்ணட்டும், முற்றத்து மணலில் 'அ' எழுதட்டும்" என்று தாயாருக்குக் குரலில் சொல்லி அனுப்பினார். குழந்தை தன் கையாலேயே கற்கிறது என்பதை மரியா மாண்டிசோரி அம்மையார் உலகுக்கு எடுத்துக்காட்டினார். 1907-இல் ரோம் நகரில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அவர், 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தார். எங்கள் ஊர் ஆசிரியை அப்பெயரைக் கேள்விப்பட்டிருந்தாரோ என்னவோ, அவ்வழியிலேயே நடந்தார். கைப்பேசி தாய்க்கு, புளியங்கொட்டை பிள்ளைக்கு என்று அவர் பிரித்துக்கொண்டது எத்துணை அறிவுடைமை!

இன்று அங்கன்வாடி ஆசிரியைகள் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் 'போஷன் டிராக்கர்' செயலியில் பதிவு செய்கிறார்கள். 2021-இல் வந்த செயலி அது. எனவே அவர்களுக்குக் கற்கும் மனமில்லை என்று யார் சொன்னாலும் நாங்கள் ஒப்பமாட்டோம். நல்ல கைப்பேசி, தடையில்லாச் சிக்னல், ரீசார்ஜ் செலவு, பொறுமையாகக் கற்றுத்தரும் ஒருவர் இவையே அவர்களுக்குத் தேவை. முதல் மூன்றும் பெரியவர்கள் பொறுப்பு. நான்காவதை மாணவியராகிய நாமே செய்யலாம்.

அன்புத் தோழியரே, உங்கள் தெருவிலும் ஓர் ஆசிரியை "எனக்கு வருமா?" என்று தயங்கிக் கேட்கக்கூடும். சிரித்துவிடாமல் அருகில் அமர்ந்து சொல்லிக்கொடுங்கள். நம் கை பிடித்து 'அ' எழுதப் பழக்கியவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றிக் காணிக்கை அது. குழந்தைகளைத் தம்மிடம் அழைத்து அணைத்துக்கொண்ட இயேசு பிரான், அவர்களுக்காக உழைக்கும் அந்த ஆசிரியைகளையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!